நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ளூர்க்காரர்: நைஜீரியக் கால்பந்து முகாம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2013 பிப்ரவரி 10 அன்று ஜோஹன்னஸ்பர்க்கின் சாக்கர் சிட்டி மைதானத்தில் நைஜீரியா ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றது. 19 வருடத்துக்குப் பிறகு கிடைத்த கோப்பை. அந்த அணியில் ஐரோப்பியக் கிளப்புகளான செல்சி ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், லாசியோ, வில்யாரியல் ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். கோல் போட்டவரோ எனுகு என்ற நைஜீரிய ஊரின் கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்த சன்டே எம்பா. வெளிநாட்டு நட்சத்திரங்கள் நிறைந்த தேசிய முகாமில் உள்ளூர் லீக்கிலிருந்து போகிறவரின் நிலை என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த அணியிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன்.

"ஹோம்-பேஸ்டு" என்று யாரைச் சொல்கிறார்கள்?

நைஜீரியாவுக்கு ஆடுகிற எல்லாரும் நைஜீரியர்கள்தானே என்று தோன்றும். அங்கே பார்ப்பது வேறு: சம்பளம் எந்த நாட்டு கிளப்பிலிருந்து வருகிறது? நைஜீரிய லீக்கில் ஆடினால் ஹோம்-பேஸ்டு. ஐரோப்பாவிலோ வேறெங்கோ ஆடினால் ஃபாரின் புரோ, சுருக்கமாக "புரோ". எனுகு ரேஞ்சர்ஸில் மாதச் சம்பளத்துக்கு ஆடுகிறவரும் தொழில்முறை ஆட்டக்காரர்தான். ஆனாலும் அந்தப் பட்டம் விமானம் ஏறியவருக்குத்தான் கிடைக்கும். இதிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜூனில் ஹோம்-பேஸ்டாக இருந்தவர் ஆகஸ்டில் துருக்கி கிளப் ஒன்றில் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே புரோ ஆகிவிடுவார். கால் அதே கால்தான், விலாசம் மட்டும் மாறியிருக்கும்.

2013 அணியில் எத்தனை பேர் உள்ளூர் ஆட்டக்காரர்கள்?

23 பேரில் 6 பேர். வாரி வுல்வ்ஸிலிருந்து கோல்கீப்பர் சிகோசி அக்பிமும் தடுப்பாட்டக்காரர் அசுபுய்கே எக்வுயெக்வேயும். சன்ஷைன் ஸ்டார்ஸிலிருந்து தடுப்பாட்டக்காரர் கோட்ஃப்ரே ஓபோவபோனா. கானோ பில்லர்ஸிலிருந்து கேப்ரியல் ரூபன். எனுகு ரேஞ்சர்ஸிலிருந்து சன்டே எம்பா, எஜிக்கே உசோயென்யி. ஆறு என்பது குறைச்சலாகத் தெரியலாம். ஆனால் நைஜீரியாவில் அதற்கு முந்தைய சில வருடங்களில் உள்ளூர்க்காரருக்கு ஒரு மூன்றாவது கோல்கீப்பர் இடம் கிடைத்தாலே பெரிய விஷயமாக இருந்தது.

பயிற்சியாளருக்கு ஏன் அந்தத் துணிச்சல் வந்தது?

ஸ்டீபன் கெஷி. நைஜீரியர்கள் அவரைக் கூப்பிட்ட பெயர் "பிக் பாஸ்". (நம் ஊர் டிவி நிகழ்ச்சி ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) 1985-ல் கால்பந்து நிர்வாகம் அவரை ஆட விடாமல் இடைநீக்கம் செய்தது. அவர் ஐவரி கோஸ்ட்டுக்குப் போய், அங்கிருந்து பெல்ஜியத்துக்கு, லோக்கரனுக்கும் பிறகு ஆன்டர்லெக்ட்டுக்கும் போனார். அவருக்குப் பின்னால் நைஜீரிய ஆட்டக்காரர்கள் வரிசையாக ஐரோப்பாவுக்குக் கிளம்பினார்கள். 1994-ல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற அணிக்கு அவர்தான் கேப்டன், அந்த அணியில் பெரும்பாலானவர்கள் வெளிநாட்டில் ஆடியவர்கள். ஆக, வெளிநாட்டுப் பாதையைத் திறந்துவிட்டவரே பயிற்சியாளராகத் திரும்பி வந்து உள்ளூர் லீக்கில் ஆள் தேடினார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2011 நவம்பரில் அவர் பொறுப்பேற்றபோது அணி கீழே கிடந்தது. அபுஜாவில் கினியாவோடு 2-2 என்று டிரா செய்து, 2012 ஆப்பிரிக்கக் கோப்பைக்குத் தகுதியே பெறாமல் போயிருந்தது. பெயர் பெற்றவர்கள் எல்லாம் இருந்தும் அந்தக் கதி. புதிய ஆட்களைத் தேட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

முகாமில் உள்ளூர்க்காரருக்கு ஏதாவது அனுகூலம் உண்டா?

உண்டு, நேரம். இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஃபிஃபா விதிப்படி, குறிப்பிட்ட சர்வதேச நாட்களிலும் பெரிய போட்டிகளுக்கும்தான் கிளப்புகள் ஆட்டக்காரர்களைக் கட்டாயம் விடவேண்டும். மற்ற நாட்களில் மறுத்துவிடலாம். லண்டனில் ஞாயிற்றுக்கிழமை ஆடியவர் திங்கள் இரவு விமானம் ஏறி, செவ்வாய் வந்து சேர்ந்து, புதன் ஒருநாள் முழுப் பயிற்சி செய்து, வார இறுதியில் ஆடிவிட்டுத் திரும்பிவிடுவார். பயிற்சியாளருக்கு அவர் கையில் கிடைப்பது மூன்று நான்கு நாள்தான், அதிலும் ஒருநாள் களைப்பில் போய்விடும்.

உள்ளூர்க்காரரை அப்படியில்லாமல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். கெஷி அவர்களுக்கென்று தனி முகாம்கள் போட்டார். அவர்களை மட்டும் வைத்து நட்பு ஆட்டங்களும் ஆடினார். எந்தப் பக்கம் ஓடவேண்டும், பந்து போனதும் யார் முன்னால் அழுத்தவேண்டும், கார்னருக்கு யார் எங்கே நிற்பது, இதெல்லாம் நட்சத்திரங்கள் வந்து இறங்குவதற்கு முன்பே இவர்களுக்குப் பழகியிருக்கும். முதல் நாள் பயிற்சியில் வெளிநாட்டுக்காரர் "இங்கே என்ன திட்டம்?" என்று கேட்கும் நிலையில் இருப்பார், உள்ளூர்க்காரர் பதில் சொல்லும் நிலையில். அந்த மரியாதை இரண்டு நாள்தான் தாங்கும் என்று வையுங்கள். ஆனாலும் அந்த இரண்டு நாள் முக்கியம்.

ஆட்டத் தரத்தில் நிஜமாகவே வித்தியாசம் உண்டா, இல்லை வெறும் பெயர்தானா?

உண்டு. இல்லை என்று சொன்னால் அது உள்ளூர்க்காரரைக் குளிர்விக்கும் பேச்சாகத்தான் இருக்கும்.

ஆனால் வித்தியாசம் காலில் இல்லை, முடிவெடுக்கும் வேகத்தில் இருக்கிறது. பந்து வந்ததும் நிறுத்தி, தலையைத் தூக்கிப் பார்த்து, அப்புறம் பாஸ் கொடுக்க உள்ளூர் லீக்கில் இடம் கிடைக்கும். ஐரோப்பிய லீக்கில் வாரம் தவறாமல் ஆடுகிறவர் பந்து வருவதற்கு முன்பே பார்த்து முடித்திருப்பார். சின்ன இடத்தில் ஐந்துக்கு ஐந்து ஆடவிட்டால் இது பளிச்சென்று தெரியும். உள்ளூர்க்காரருக்கு இரண்டாவது தொடுதலுக்கு நேரம் இருக்காது, பந்து பறிபோய்விடும். அவருக்குத் திறமை இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை, அந்த வேகத்தில் பழக்கமில்லை, அவ்வளவே. நாலு நாள் அந்தச் சதுரத்துக்குள் ஆடினால் பாதி சரியாகிவிடும்.

மீதிப் பாதி லீக்கின் கையில். நைஜீரிய லீக்கில் வெகுகாலம் சொந்த ஊர் அணி ஜெயிப்பதுதான் வழக்கம், வெளியூரில் போய் ஜெயித்துவந்தால் அது செய்தி. மைதானங்கள் பல மேடும் பள்ளமுமானவை. ஒரு சீசனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எத்தனை மாதம் இடைவெளி விழும் என்று யாருக்கும் தெரியாது. பயணம் பெரும்பாலும் சாலை வழியேதான். 2015-ல் ஓவெரிக்கு ஆடப்போன கானோ பில்லர்ஸ் பேருந்தை ஆயுதம் ஏந்திய கும்பல் வழிமறித்துச் சுட்டதில் 5 ஆட்டக்காரர்கள் காயமடைந்தார்கள். இப்படிப்பட்ட சாலையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து போய் மறுநாள் ஆடுகிறவரையும், தனி விமானத்தில் போய் ஆடுகிறவரையும் முகாமில் நிற்கவைத்து ஒரே அளவுகோலில் அளக்கிறோம்.

பெரிய பெயர்கள் அவருக்குப் பந்தே கொடுக்கமாட்டார்களாமே?

இந்தப் புகார் எல்லா நாட்டு முகாமிலும் உண்டு. கெட்ட எண்ணத்தில் கொடுக்காமல் இருப்பவர்கள் குறைவு என்பது என் அபிப்பிராயம். அழுத்தம் வரும்போது மனிதர் தெரிந்த முகத்தைத் தேடுவார். ஜான் ஓபி மிக்கேலும் விக்டர் மோசஸும் செல்சியில் தினமும் சேர்ந்து பயிற்சி செய்தவர்கள். ஒருவர் தலை திரும்பும்போது இன்னொருவர் எங்கே ஓடுவார் என்று அவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர் வலப்பக்கம் காலியாக நின்று கை தூக்கினாலும் கண் அங்கே போகாது. இதற்குப் பேச்சு மருந்தாகாது. பயிற்சியில் இரண்டு மூன்று தடவை நல்ல இடத்தில் நின்று, கிடைத்த பந்தை இழக்காமல் திருப்பிக் கொடுத்தால் நாலாவது தடவை பந்து தானாக வரும்.

பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்பதையும் பார்க்கவேண்டும். 2013-ல் கேப்டன் ஜோசப் யோபோ. அனுபவசாலி, ஃபெனர்பாச்சேயில் ஆடியவர். முதல் ஆட்டத்துக்குப் பிறகு அவர் பெஞ்சுக்குப் போனார். தடுப்பின் நடுவில் நின்றவர்கள் கென்னத் ஒமெருவோவும், அகூரே நகரத்து சன்ஷைன் ஸ்டார்ஸின் ஓபோவபோனாவும். கேப்டனை உட்காரவைத்து உள்ளூர்க்காரரை ஆடவிடும் முகாமில் "அவன் யார்?" என்ற கேள்வி தானாக அடங்கிவிடும். இறுதியாட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது கெஷி யோபோவை மாற்று ஆட்டக்காரராக உள்ளே அனுப்பினார். களத்தில் நின்றபடி ஆட்டத்தை முடித்து, கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார் யோபோ. இந்த இரண்டு முடிவையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். முதலாவதை மட்டும் செய்திருந்தால் முகாம் உடைந்திருக்கும்.

சன்டே எம்பா அப்படி என்ன செய்தார்?

இரண்டு கோல். இரண்டும் ஆட்டத்தை முடித்த கோல்கள்.

முதலாவது கால் இறுதியில், ருஸ்டன்பர்க்கில், ஐவரி கோஸ்ட்டுக்கு எதிராக. டுரோக்பா, யாயா டூரே, ஜெர்வினோ எல்லாரும் இருந்த அணி. நைஜீரியா ஜெயிக்கும் என்று சொன்னவர்கள் சொற்பம். 1-1 என்றிருந்தபோது, 78-வது நிமிடத்தில் எம்பா நடுக்களத்தில் பந்தை எடுத்துக்கொண்டு நேராக ஓடினார். யாரும் முழுதாக எதிரே வந்து தடுக்கவில்லை, "எனுகு பையன்தானே, பாஸ் பண்ணிவிடுவான்" என்று நினைத்தார்களோ என்னவோ. பெனால்டி கட்டத்துக்கு வெளியிலிருந்து அடித்தார். தடுப்பாட்டக்காரர் மேல் பட்ட பந்து மேலே எழும்பி கோல்கீப்பர் பாரியைத் தாண்டி விழுந்தது. அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை.

இரண்டாவதில் அதிர்ஷ்டம் கிடையாது. இறுதியாட்டம், புர்கினா ஃபாசோ, 40-வது நிமிடம். மோசஸ் அடித்த பந்து தடுப்பாட்டக்காரர் மேல் பட்டு எம்பாவிடம் எகிறி வந்தது. அவர் நிறுத்தவில்லை. ஒரு தட்டு, எதிரே வந்த தடுப்பாட்டக்காரர் பக்கவாட்டில் தாண்டப்பட்டார். பந்து ஒருமுறை தரையில் குதித்து எழும்புவதற்குள் அடி. இரண்டே தொடுதல். மேலே நான் சொன்ன "இரண்டாவது தொடுதலுக்கு நேரம் இருக்காது" என்ற விதிக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

பண விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரியா?

ஆட்ட போனஸ் பொதுவாக எல்லாருக்கும் ஒரே தொகை. ஆனால் அந்தத் தொகையின் எடை ஆளுக்கு ஆள் வேறு. 2013 ஜூனில், கண்டங்களின் சாம்பியன்கள் மோதும் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக்குக் கிளம்பவேண்டிய நேரத்தில் போனஸைக் குறைத்ததற்காக ஆட்டக்காரர்கள், தகுதியாட்டத்துக்குப் போயிருந்த நமீபியாவிலேயே தங்கி விமானம் ஏற மறுத்தார்கள். கடைசி நேரத்தில் பிரேசில் போய்ச் சேர்ந்து டஹிட்டியை 6-1 என்று தோற்கடித்தார்கள். செல்சி சம்பளக்காரருக்கு அந்தச் சண்டை மரியாதைச் சண்டை. மாதச் சம்பளம் பாக்கி வைக்கும் கிளப்பிலிருந்து வந்தவருக்கு அது வீடு கட்டும் பணம். இரண்டு பேரும் ஒரே கோஷம் போட்டார்கள், காரணங்கள் வேறு வேறு.

கோப்பை வென்றதும் குடியரசுத் தலைவர் குட்லக் ஜோனத்தன் அணிக்குப் பணம், அபுஜாவில் மனை, தேசிய விருது என்று அறிவித்தார்.

இதே சமயத்தில் எம்பாவுக்கு வேறொரு தலைவலி. அவர் எங்கள் ஆள் என்று வாரி வுல்வ்ஸும் எனுகு ரேஞ்சர்ஸும் உரிமை கொண்டாடின. ஆப்பிரிக்காவே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த ஆள் எந்தக் கிளப்பின் ஆள் என்பதில் வழக்கு! உள்ளூர் லீக்கில் ஒப்பந்தக் காகிதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதை அடிக்கடி சொல்வேன். வெளிநாட்டு கிளப் கதவைத் தட்டும்போது யாரிடம் பேசுவது என்று அதற்குத் தெரியவேண்டும் அல்லவா?

உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் ஒரு ஆப்பிரிக்கப் போட்டி உண்டாமே?

ஆப்பிரிக்க நாடுகள் சாம்பியன்ஷிப், சுருக்கமாக சான் என்று சொல்வார்கள். சொந்த நாட்டு லீக்கில் ஆடுகிறவர்களை மட்டும் கொண்ட அணிகள்தான் ஆடமுடியும். 2009-ல் ஐவரி கோஸ்ட்டில் தொடங்கியது, முதல் கோப்பை காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு. 2014-ல் தென்னாப்பிரிக்காவில் நைஜீரியா மூன்றாவது இடம். அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் நம் ஆறு பேரில் ஒருவரான எஜிக்கே உசோயென்யி. 2018-ல் இறுதி வரை போய் மொராக்கோவிடம் 4-0. 2025 ஆகஸ்டில் சூடானிடம் 4-0 என்று தோற்று முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்தார்கள்.

இது உதவுகிறதா? ஆட்டக்காரருக்கு உதவுகிறது, முகவர்கள் வந்து பார்க்கிறார்கள். ஆனால் ஒரு கெடுதலும் உண்டு. "உங்களுக்குத்தான் சான் இருக்கிறதே" என்று சொல்லி பெரிய அணியின் கதவைச் சாத்துவது நிர்வாகத்துக்குச் சுலபமாகிவிட்டது.

ஒருமுறை ஜெயித்துக் காட்டினால் இடம் நிலைத்துவிடுமா?

இல்லை. 2014 உலகக் கோப்பைக்குப் போன 23 பேரில் எம்பா இல்லை. அதற்குள் அவர் பிரான்சில் சி.ஏ. பாஸ்தியாவுக்குப் போயிருந்தார், கீழ்ப்பிரிவு கிளப். ஓபோவபோனா துருக்கியில் ரிஸெஸ்போருக்குப் போனார், பிரேசிலில் நடந்த அந்த உலகக் கோப்பைக்கும் போனார். ஆனால் முதல் ஆட்டத்திலேயே காயம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கெட்டியாக ஆடினால் வெளிநாட்டு கிளப் கூப்பிடும். போனால் அங்கே பெஞ்சில் உட்காரலாம், பெஞ்சில் இருந்தால் தேசிய அணியிலும் இடம் போகும். போகாமல் இருந்தால் "இன்னும் ஹோம்-பேஸ்டுதானா?" என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்து இதற்குச் சரியான பதில் கிடையாது. குடும்பத்தை நினைத்துப் போகிறவரை நான் குறை சொல்லமாட்டேன்.

கோல்கீப்பர் இடம் மட்டும் ஏன் அடிக்கடி உள்ளூர்க்காரருக்குக் கிடைக்கிறது?

ஐரோப்பிய கிளப்புகள் ஆப்பிரிக்காவிலிருந்து முன்களக்காரரைத் தேடும் அளவுக்கு கோல்கீப்பரைத் தேடுவதில்லை. அதனால் நல்ல கோல்கீப்பர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். 2018 உலகக் கோப்பை அணியில் இருந்த ஒரே உள்ளூர்க்காரர் என்யிம்பா கிளப்பின் இக்கெச்சுக்வு எசென்வா. தகுதிச் சுற்றில் வலைக்கு முன் நின்றவர், ரஷ்யாவில் ஃபிரான்சிஸ் உசோஹோவுக்கு இடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

எல்லா ஆப்பிரிக்க நாட்டிலும் இதே நிலைதானா?

கிடையவே கிடையாது. எகிப்து 2006, 2008, 2010 என்று தொடர்ந்து மூன்று தடவை கோப்பையை வென்றது, பெரும்பாலும் கெய்ரோ கிளப்புகளான அல் அஹ்லி, ஸமாலெக் ஆட்டக்காரர்களை வைத்து. 2010 இறுதியில் கானாவுக்கு எதிராக ஒரே கோலைப் போட்ட கெடோ, அலெக்சாண்ட்ரியாவின் அல் இத்திஹாதில் ஆடியவர், மாற்று ஆட்டக்காரராகவே வந்துவந்து 5 கோல் போட்டவர். அங்கே உள்ளூர்க்காரர் என்பது தாழ்ந்த வார்த்தை அல்ல, கெய்ரோ கிளப்புகளில் சம்பளமும் கூட்டமும் நன்றாக இருப்பதே காரணம். தென்னாப்பிரிக்கா 2024 தொடக்கத்தில் ஆப்பிரிக்கக் கோப்பையில் மூன்றாவது இடம் பிடித்ததும் உள்ளூர் கிளப்பான மமெலோடி சன்டவுன்ஸ் ஆட்டக்காரர்களை மையமாக வைத்துத்தான். கோல்கீப்பர் ரான்வென் வில்லியம்ஸ் கேப் வெர்டேக்கு எதிராக நான்கு பெனால்டிகளைப் பிடித்தார்.

நைஜீரியாவுமே முன்பு அப்படித்தான். 1980-ல் லாகோஸில் அல்ஜீரியாவை 3-0 என்று தோற்கடித்து முதல் கோப்பையை வென்ற அணி பெரும்பாலும் உள்ளூர் கிளப் ஆட்கள்தான். கேப்டன் கிறிஸ்டியன் சுக்வு எனுகு ரேஞ்சர்ஸ்காரர். எம்பாவும் அதே கிளப்பிலிருந்து வந்ததை எனுகு மக்கள் விடாமல் சொல்வார்கள்.

நம் பக்கம் இந்தப் பிரச்சினை உண்டா?

இந்தியாவில் தலைகீழ். தேசிய அணி கிட்டத்தட்ட முழுக்க உள்ளூர்க்காரர்கள், வெளிநாட்டில் ஆடுகிறவர்தான் அபூர்வப் பிராணி. குர்ப்ரீத் சிங் சந்து நார்வேயின் ஸ்டாபெக்கில் இருந்தபோது முகாமுக்கு வரும் ஒரே "புரோ" அவர். 2017-ல் பெங்களூருக்குத் திரும்பினார்.

இலங்கையில்தான் இப்போது உண்மையான முகாம் கேள்வி எழுந்திருக்கிறது. ஜெர்மனியில் பிறந்த வசீம் ராசிக், கிளாடியோ கம்மர்க்னெக்ட் போன்றவர்கள் அணிக்கு வந்தபிறகு, ஊரில் கிளப் ஆட்டம் ஆடிவந்தவர்கள் இடத்துக்குப் போட்டி போடுகிறார்கள். 2024 செப்டம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்றபோது இரு தரப்பும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள். ஆனால் அங்கே ஒரு சங்கடம் கூடுதலாக இருக்கிறது. எம்பாவும் மிக்கேலும் ஒரே ஊர்க் கிண்டலுக்குச் சிரித்திருப்பார்கள். கொழும்பு முகாமில் அந்தக் கிண்டலை முதலில் யாராவது மொழிபெயர்க்கவேண்டும்.